குளிசை குடித்தால் போதும், மலைக்குப் போ என்கிறார்கள்

"தினமும் மலை ஏறி இறங்குற ஆளு, ஒங்களுக்கு எக்ஸசைஸ் தேவையே இல்ல." இது கிளினிக்கில் கேட்கிற வசனம். "மாசாமாசம் குளிசை எடுக்கிறதானே, பிறகு என்ன? கிலோவ முடிச்சிட்டுப் பேசு." இது பெரட்டுக்களத்தில் கேட்கிற வசனம். இந்த இரண்டில் ஒன்றையாவது கேட்காத நெஞ்சு வருத்தக்காரர் நமது லயங்களில் இருக்க மாட்டார். முதலாவதைச் சொல்பவர் நல்ல மனத்தோடு சொல்கிறார். இரண்டாவதைச் சொல்பவர் செக்ரோலைப் பார்த்துச் சொல்கிறார். இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே நினைப்புத்தான்: குளிசை ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். வயிற்றுக்குள் போன குளிசை தன் பாட்டில் வேலை செய்யும், கூடை தூக்கியவள் தன் பாட்டில் வேலை செய்ய வேண்டியதுதான்.

அந்த நினைப்புப் பிழை. நாம் செய்கிற வேலை, நாம் குடித்த குளிசையின் அளவை இரத்தத்தில் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். நாற்பது வருடமாக மருத்துவ உலகம் அறிந்த விசயம் இது. ஆனால் நமது கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். பெயர் இருக்கும், வயது இருக்கும், பிரஷர் இருக்கும், குளிசையின் பெயர் இருக்கும். "என்ன வேலை செய்கிறார்" என்று ஒரு வரி இருக்காது. அந்த இல்லாத வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மேலே போவதற்கு முன் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் குளிசையை நிறுத்தக்கூடாது, பாதியாக உடைத்துக் குடிக்கவும் கூடாது. இருதயக் குளிசையைத் திடீரென நிறுத்துவது, அதிலும் புரோப்ரனோலோல், அட்டெனோலோல் போன்றவற்றை நிறுத்துவது, மாரடைப்பில் கொண்டுபோய் விடலாம். மாற்ற வேண்டியதை டொக்டரிடம் பேசித்தான் மாற்ற வேண்டும். மாற்ற வேண்டிய மற்ற விசயங்களை நிர்வாகத்திடம் பேசி மாற்ற வேண்டும்.

உடம்புக்குள் நடப்பது என்ன? ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் இருதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தத்தைத் தள்ளுகிறது. அதில் கால் பங்களவு ஈரலுக்குப் போகிறது. ஐந்தில் ஒரு பங்களவு சிறுநீரகத்துக்குப் போகிறது. குளிசையை உடைத்துக் கழிப்பது ஈரல், சிறுநீரில் வெளியேற்றுவது சிறுநீரகம். இனி அதே ஆள் முதுகில் கொழுந்தோடு செங்குத்தான மலையில் ஏறுகிறார். இருதயம் தள்ளும் இரத்தம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிறது. ஆனால் கூடுகிற இரத்தமெல்லாம் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் முதுகுக்கும் தோலுக்கும் ஓடுகிறது. ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போவது சுருங்கிவிடுகிறது. கொழுந்து மலிந்த நாளில் ஸ்டோரில் நிற்கிற ஆட்களையும் மலைக்கு அனுப்பிவிட்டால் ஸ்டோரில் என்ன நடக்கும்? வந்த கொழுந்து குவிந்து கிடக்கும். உடம்பிலும் அதுதான்.

புரோப்ரனோலோல் என்ற குளிசை நம்மில் பலருக்குப் பழக்கம். பிரஷருக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் நெஞ்சு வலிக்கும் கொடுப்பார்கள். ஸ்கொட்லாந்தில் ஒரு சுரங்கப் பொறியியலாளரின் மகனாகப் பிறந்த ஜேம்ஸ் பிளாக் 1960களில் உருவாக்கிய மருந்து அது. 1988இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இந்தக் குளிசை கழிவது ஈரலில். உடல் கடுமையாக உழைக்கும்போது இரத்தத்தில் இதன் அளவு ஏறுவதைச் சைக்கிள் மிதிக்கவிட்டு அளந்து பார்த்திருக்கிறார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த அட்டெனோலோல் சிறுநீரகத்தால் கழிவது. அதில் இந்த ஏற்றம் பெரிதாக இல்லை. ஆக ஒரே வருத்தத்துக்குக் கொடுக்கிற இரண்டு குளிசைகள், ஒரே மலையில், இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. எது யாருக்குப் பொருந்தும் என்று தீர்மானிக்க டொக்டருக்கு ஆளின் வேலை தெரிந்திருக்க வேண்டாமா?

இங்கே நியாயமாகவும் பேச வேண்டும். இந்த ஏற்றம் பலருக்கு உணரக்கூடிய அளவில் இருக்காது. ஆனால் இந்தக் குடும்பத்துக் குளிசைகளுக்கு வேறு ஒரு குணமும் உண்டு. நாடித் துடிப்பு ஒரு மட்டத்துக்கு மேல் போகாமல் பிடித்து வைப்பதுதான் அவற்றின் வேலை. இருதயத்துக்கு அது நல்லது. ஆனால் ஏற்றத்தில் ஏறும் ஆளுக்குக் கால் கனக்கும், மூச்சு முந்திக்கொண்டு வாங்கும். விரல்கள் குளிர்ந்து போவதும் இவற்றின் தெரிந்த பக்கவிளைவு. நுவரெலியாப் பக்கத்தில், பனி இறங்கிய காலை ஏழரை மணிக்கு, மரத்துப்போன விரலால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளிப் பார்த்தால் தெரியும் அந்தக் கஷ்டம். கங்காணி இதற்கு வைத்திருக்கும் பெயர் சோம்பல்.

டிஜொக்சினின் கதை இதற்கு நேர் எதிர். ஒரு செடியின் இலையிலிருந்து வந்த மருந்து அது. வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1785இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். ஒரு கிராமத்துக் கிழவியின் குடும்ப வைத்தியமாக அது தன்னிடம் வந்ததென்று அவரே எழுதியிருக்கிறார். (கிழவியின் பெயரை மட்டும் அவர் எழுதி வைக்கவில்லை. உழைத்தவளின் பெயர் கணக்கில் ஏறாதது தோட்டத்தில் மட்டும் நடப்பதல்ல.) இருதயம் தாளம் தப்பித் துடிப்பவர்களுக்கும், பம்பு பலவீனப்பட்டவர்களுக்கும் இன்றும் அதைக் கொடுக்கிறார்கள்.

இந்த மருந்து தசையில் ஒட்டிக்கொள்ளும். தசை வேலை செய்யச் செய்ய அதிகமாக இழுத்துக்கொள்ளும். 1980களில் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் இதை இரத்தத்திலும் தசையிலும் அளந்து காட்டினார்கள். உடல் உழைத்தபோது இரத்தத்தில் டிஜொக்சின் இறங்கியது, தசையில் ஏறியது. கடும் உழைப்பும் தேவையில்லை, சாதாரண நடமாட்டமே அளவை மாற்றப் போதும் என்றும் கண்டார்கள். ஓய்வெடுத்தால் தசை விட்டுக்கொடுக்கிறது, இரத்தத்தில் அளவு திரும்ப ஏறுகிறது.

இதில் என்ன ஆபத்து? டிஜொக்சினில் குணப்படுத்தும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையில் இருப்பது ஒரு மெல்லிய வரம்புதான். ஓர் அக்காவை நினைத்துப் பாருங்கள். விடிய எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, லயத்திலிருந்து றோட்டுக்கு மூன்று கிலோமீற்றர் ஏறி நடந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே போய், ஆஸ்பத்திரிப் படியேறி, மூச்சு வாங்க இரத்தம் கொடுக்கிறார். அளவு குறைவாகத் தெரிகிறது. "குளிசைய ஒழுங்கா குடிக்கிறதில்ல போல" என்கிறார்கள், அல்லது அளவைக் கூட்டி எழுதுகிறார்கள். பிறகு காய்ச்சலில் நான்கு நாள் படுத்துக் கிடக்கிறார். தசை இழுத்து வைத்திருந்த மருந்து இரத்தத்துக்குத் திரும்புகிறது. ஓங்காளம், சாப்பாடு பிடிக்காமை, கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிவது, நாடி தப்புவது என்று நஞ்சின் அறிகுறிகள் வரலாம். லயத்தில் அதைக் "காய்ச்சல் கூடிட்டு" என்று சொல்லி இஞ்சிச் சாயம் ஊற்றிக் கொடுப்பார்கள்.

இதைத் தடுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டிஜொக்சின் அளவைப் பார்க்கும் இரத்தம், குளிசை குடித்து 6 மணி நேரமாவது கழிந்த பிறகு எடுக்கப்பட வேண்டும் என்பது பொது விதி. அதோடு, நடந்து வந்தவரை ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு எடுத்தால் போதும். வாங்கு ஒன்றும் ஒரு கேள்வியும்தான் செலவு: "வரும்போது எவ்வளவு தூரம் நடந்தீங்க?"

பிரஷர் பார்ப்பதிலும் இதே கூத்துத்தான். தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மேடேறிப் போனவுடன் கையில் பட்டியைச் சுற்றினால் பிரஷர் கூடக் காட்டும். ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்த பிறகு பார்ப்பதுதான் முறை. நகரத்துக் கிளினிக்கில் மூன்று மணி நேரம் வரிசையில் காத்திருந்து உட்கார்ந்தவருக்குப் பிரஷர் நன்றாகவே இருக்கும். அது ஓய்வெடுத்த மனுசியின் பிரஷர். கொழுந்து நிறுக்க ஏறும்போது அவளுக்கு இருக்கும் பிரஷரை எந்தக் கிளினிக்கும் பார்த்ததில்லை.

வார்பரின் குடிப்பவர்களின் கதைதான் எனக்கு மிகவும் வலிக்கிற கதை. இருதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்களும், தாளம் தப்பிய இருதயக்காரர் பலரும், இரத்தம் கட்டிப் போகாதிருக்க அதைக் குடிக்கிறார்கள். வால்வு ஏன் கெட்டது? சின்ன வயதில் தொண்டை நோவோடு வந்த வாதக் காய்ச்சல் வால்வைத் தின்றுவிடுகிறது. அந்தக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமி, நெருக்கமாகப் படுத்துறங்கும் வீடுகளில்தான் செழிக்கும். பத்தடிக் காம்பராவில் ஏழெட்டுப் பேர் என்பது யார் கட்டிய நெருக்கம்? லயம் கொடுத்த வருத்தத்தைச் சுமந்துகொண்டுதான் அந்தப் பிள்ளை பெரியவளாகி மலைக்கு வருகிறாள். அங்கே அவளுக்கும் இருபது கிலோதான்.

வார்பரினின் அளவை ஐ.என்.ஆர் என்ற இரத்தப் பரிசோதனையால் பிடிப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். செயற்கை வால்வில் சிலருக்குக் கொஞ்சம் கூட. இறங்கினால் இரத்தம் கட்டிப் பக்கவாதம் வரலாம், ஏறினால் உள்ளே இரத்தம் கசியலாம். உடலை ஒழுங்காக அதிகம் அசைப்பவர்களுக்கு இந்த மருந்து கூடிய அளவில் தேவைப்படுகிறது என்று கனடாவில் வார்பரின் குடிப்போரைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். அப்படியானால் உழைப்பு திடீரெனக் கூடினாலும் குறைந்தாலும் ஐ.என்.ஆர் ஆடும்.

தோட்டத்தில் உழைப்பு எப்போதாவது ஒரே சீராக இருந்ததுண்டா? சித்திரை, வைகாசியில் கொழுந்து மலியும். ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குக் கிள்ளச் சொல்வார்கள். தை, மாசி வரட்சியில் கிழமைக்கு மூன்று நாள் வேலை கிடைத்தால் பெரிது. ஊவாப் பக்கம் அந்த வரட்சி ஆடி, ஆவணிக்கு மாறும். சாப்பாடும் அப்படியே. மழைக்காலத்தில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் லயத்துக் கோடிப்புறத்திலேயே கிடைக்கும். வரட்சியில் ரொட்டியும் சம்பலும். கீரையிலுள்ள விற்றமின் கே, வார்பரினுக்கு எதிராக வேலை செய்வது. கீரையை விடச் சொல்லவில்லை, ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்றுதான் டொக்டர்மார் சொல்வார்கள். ஒரே அளவாகச் சாப்பிட ஒரே அளவான வருமானம் வேண்டும் என்பதை யார் அவர்களுக்குச் சொல்வது? ஆகவே வேலை மாறும் மாதங்களில் ஐ.என்.ஆரைக் கொஞ்சம் நெருக்கமாகப் பார்க்கும்படி கேட்பது நமது உரிமை. "அடுத்த மாசத்திலிருந்து கொழுந்து கூடும், ஞாயிறும் வேலை" என்று டொக்டரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். வார்பரின் குடிப்பவரை அட்டை கடித்தால் இரத்தம் நிற்க நேரமெடுக்கும். கவ்வாத்துக் கத்தி பட்டால் சொல்லவே வேண்டாம். அப்படிப்பட்டவரைக் கவ்வாத்துக்கு அனுப்பும் கணக்கப்பிள்ளைக்கு அவர் என்ன குளிசை குடிக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இனி நீர்க்குளிசை. கால் வீக்கத்துக்கும் நெஞ்சில் நீர் சேர்வதற்கும் ஃபுருசமைட் கொடுப்பார்கள். குடித்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஆறு மணி நேரமளவு சிறுநீராக இறக்கும். காலை ஆறு மணிக்குத் தேத்தண்ணியோடு குடித்தால் பகல் நிறுவை வரை அதன் வேலை நடக்கும். அந்த நேரமெல்லாம் நமது பெண்கள் நிற்பது எங்கே? மலையில். மலையில் கக்கூஸ் எங்கே? இந்த இடத்தில் துரைமார் எல்லோரும் ஆகாயத்தைப் பார்ப்பார்கள்.

அதனால் நம் அக்காமார் என்ன செய்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். வேலை நாளில் நீர்க்குளிசையைக் குடிப்பதில்லை. தண்ணீரையும் குடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் குடிக்கிறார்கள். கால் வீங்குகிறது, இரவில் படுக்க மூச்சு முட்டுகிறது. கிளினிக்கில் வீக்கத்தைப் பார்த்து அளவைக் கூட்டுகிறார்கள். கூட்டிய குளிசையும் சேலைத் தலைப்பில் முடிந்தபடியே கிடக்கிறது. வேறு சிலர் பயந்து, கூட்டிய குளிசையைக் குடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்கிறார்கள். வியர்வையும் போய், சிறுநீரும் போய், அதோடு உடம்பின் பொட்டாசியமும் போய்விடுகிறது. பொட்டாசியம் குறைந்த உடம்பில் டிஜொக்சின் இன்னும் சுலபமாக நஞ்சாகும். அவள் கொழுந்து நிரையில் மயங்கி விழுந்தால் "சாப்பிடாம வந்திருப்பா" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மலையில் ஒரு கக்கூஸ் கட்டாத கம்பனி, அவளுடைய இருதயக் குளிசையின் அளவைத் தீர்மானிக்கிறது. இதற்கு வேறு எப்படிப் பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

(ஒரு சின்ன விசயம்: நீர்க்குளிசையை வேலை முடிந்து வந்து குடிக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். பலருக்கு நேரத்தை மாற்றித் தருவார்கள். கேட்காமல் ஒளித்து வைப்பதுதான் ஆபத்து.)

நாக்குக்கு அடியில் வைக்கும் குளிசையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நெஞ்சை அடைத்தால் வைக்கச் சொல்லித் தருவது. அது வெளிச்சத்திலும் காற்றிலும் பலமிழக்கும். தந்த கண்ணாடிப் போத்தலிலேயே இருக்க வேண்டும், கடதாசியில் சுற்றி மடியில் வைத்தால் தேவையான நேரத்தில் வேலை செய்யாது. அதை வைக்கும்போது உட்கார்ந்துவிட வேண்டும், ஏனென்றால் பிரஷர் சட்டென்று இறங்கும். நிரையில் கூடையோடு நின்றபடி வைத்தால் தலைசுற்றிக் கானுக்குள் விழ வேண்டியதுதான். "நெஞ்சு நோவுது, கொஞ்சம் உட்காருறேன்" என்று சொன்னால் கிலோவில் வெட்டு விழும் என்ற பயமில்லாத மலையில்தான் அந்தக் குளிசை உயிர் காக்கும்.

முதலில் சொன்ன அந்த நல்ல மனத்து வசனத்துக்கு வருவோம். மலை ஏறுவதே எக்ஸசைஸ் என்கிறார்களே, அது மெய்யா? 2021இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. 104,046 பேரைப் பத்து வருடமளவு பின்தொடர்ந்தது அது. ஓய்வு நேரத்தில் உடலை அசைத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன. வேலைத்தலத்தில் உடலை வருத்தியவர்களுக்கு அவை கூடின. காரணம் விளங்காததல்ல. விளையாட்டுக்கு ஓடுபவர் அரை மணி நேரம் ஓடுகிறார், களைத்தால் நிற்கிறார், குளித்துச் சாப்பிட்டுப் படுக்கிறார். கொழுந்து கிள்ளுபவர் எட்டு மணி நேரம் நிற்கிறார், குனிகிறார், சுமக்கிறார். நிற்பதற்கான நேரத்தைத் தீர்மானிப்பவர் வேறு ஆள். இருதயம் இறங்கி ஓய்வெடுக்க இடமே இல்லை. இருதய வருத்தக்காரருக்கு அளவான நடையும் அசைவும் நல்லதுதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இருபது கிலோவுக்கு எக்ஸசைஸ் என்று பெயர் சூட்டி நம்மை ஏமாற்ற வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மருந்தின் அளவு உழைப்பால் எப்படி மாறுகிறது என்ற அந்தப் பரிசோதனைகளில் யாரை அளந்தார்கள்? பெரும்பாலும் நல்ல சுகமுள்ள இளைஞர்களை, ஆய்வுகூடத்துச் சைக்கிளில் ஏற்றி, ஒரு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ. நெற்றியில் கயிறு பதிய, மழையில் படங்கு கட்டிக்கொண்டு, ஐந்து வகைக் குளிசை குடித்த ஐம்பது வயதுப் பெண்ணை எட்டு மணி நேரம் யாரும் அளந்து பார்க்கவில்லை. நமது பல்கலைக்கழக மருத்துவ பீடங்களில் இன்று நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களில் யாராவது இதைக் கையிலெடுப்பார்களானால் நமது சங்கம் கதவைத் திறந்து வைக்கும்.

நிர்வாகம் என்ன சொல்லும் என்பதும் தெரியும். "இந்த ஏற்ற இறக்கமெல்லாம் சின்ன விசயம், தொழிலாளி குளிசையை ஒழுங்காகக் குடிப்பதில்லை, அதுதான் பிரச்சினை." சில குளிசைகளில் மாற்றம் சின்னதுதான், அதை மேலே நாமே சொல்லிவிட்டோம். வார்பரினிலும் டிஜொக்சினிலும் சின்ன மாற்றமே உயிர் விசயம். குளிசையை ஒழுங்காகக் குடிப்பதில்லை என்கிறார்களே, கிளினிக்குக்குப் போன நாளில் பேர் விழுமா? விழாது. மாதத்தில் ஒரு நாள் கிளினிக், ஒரு நாள் இரத்தப் பரிசோதனை, ஒரு நாள் ரிப்போட் எடுக்க. மூன்று நாள் சம்பளத்தையும் பஸ் காசையும் இழந்து குளிசை எடுக்கும் ஒருத்தி ஒரு மாதம் தவறவிட்டால் அவளைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள். சம்பளத்தில் ஒரு பங்கை வருகையோடு முடிச்சுப் போடுகிறபோதெல்லாம் அந்த மூன்று நாளின் விலை இன்னும் ஏறுகிறது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வெளியில் காசுக்கு வாங்கச் சொன்னார்கள். வாங்க முடியாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று எந்த ஒபிஸிலும் கணக்கில்லை.

நோயுற்ற தொழிலாளியைக் கவனிக்கும் கடமையைத் தோட்டத்துரையின் தலையில் வைத்த மருத்துவத் தேவைகள் சட்டம் 1912இல், வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. நம்மேல் இரக்கப்பட்டு வந்ததல்ல, வேலையாட்கள் செத்துக்கொண்டிருந்ததால் வந்தது. 1992இல் தோட்டங்களைக் கையேற்ற கம்பனிகளுக்கு லாபமும் மலையும் வேண்டும், அந்தக் கடமை மட்டும் அரசாங்கத்தின் பக்கம் தள்ளிவிடப்பட வேண்டும். அரசாங்கம் தோட்ட ஆஸ்பத்திரிகளில் சிலதை எடுத்தது, பலதை விட்டது. இடையில் நிற்பது டிஸ்பென்சரியின் பூட்டிய கதவு.

சங்கங்களும் இதில் சுத்தமான கையோடு நிற்கவில்லை. கூட்டு ஒப்பந்தக் காலத்தில் மேசையில் பேசியது ரூபாயும் கிலோவும்தான். கிளினிக் நாளைப் பற்றி எத்தனை தடவை பேசினோம்? 2021இல் சம்பளம் சம்பள நிர்ணய சபைக்குப் போய், கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து கழன்றுகொண்ட பிறகு, வேலை அளவைத் தோட்டத்துக்குத் தோட்டம் தங்கள் இஷ்டத்துக்கு ஏற்றுகிறார்கள். நெஞ்சு வருத்தக்காரருக்கு ஒரு கிலோக் கணக்கு, சுகமுள்ளவருக்கு ஒரு கணக்கு என்று கேட்டால், "அப்ப எல்லாரும் நெஞ்சு வருத்தம்னு வருவாங்க" என்று சிரிக்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு லேசான வேலை கொடுக்கும் வழக்கம் தோட்டத்தில் இருக்கிறதுதானே? அதனால் எல்லோரும் பிள்ளைத்தாய்ச்சி என்று வந்துவிட்டார்களா?

ஆகவே இந்த மாதக் கிளைக்கூட்டங்களில் எடுக்க வேண்டியது இது. கிளினிக் அட்டையில் தேதி குத்திய நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும். அரைப்பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை. டொக்டர் எழுதிக் கொடுத்தால் நர்சரியிலோ பாசி சுரண்டலிலோ லேசான வேலை, சம்பளக் குறைப்பில்லாமல். ஒவ்வொரு மலைக்கும் கக்கூஸும் குடிதண்ணீரும். இது இருதயக்காரருக்கு மட்டுமான கோரிக்கை இல்லையென்றாலும், இருதயக்காரரின் பெயரில் கேட்டால் மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம்.

கூட்டம் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. கிளினிக் கொப்பியின் உள் அட்டையில், படித்த பிள்ளை யாரையாவது கொண்டு தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவித்துக்கொள்ளுங்கள்: என்ன வேலை, எத்தனை மணி நேரம், எத்தனை கிலோ, லயத்திலிருந்து றோட்டுக்கு எவ்வளவு தூரம், கிழமைக்கு எத்தனை நாள் வேலை, மலையில் கக்கூஸ் உண்டா இல்லையா. வேலை மாறும்போது அந்த வரியையும் மாற்றுங்கள். டொக்டர் கொப்பியைத் திறக்கும்போது முதலில் கண்ணில் படுவது அதுவாக இருக்கட்டும். எழுத ஆளில்லாதவர்கள் சனிக்கிழமை பின்னேரம் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொப்பியைக் கொண்டு வாருங்கள்.